மீளும் நோயும் மீளாத அச்சமும்



தமிழில் 'மீள்' என்னும் வினை இரு திசைகளிலும் செல்லக்கூடியது. நோயாளி நோயினின்று மீண்டார் என்றால் வீட்டில் விளக்கேற்றி மகிழ்வர். நோய் மீண்டது என்றால் அதே வீடு இருண்டுவிடும். சொல் ஒன்றே, எழுவாய் மாறியதும் நற்செய்தி தீச்செய்தியாகிவிடுகிறது.

இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையில் ஒரு காலம் உண்டு. காய்ச்சல் தணிந்திருக்கும், ஆனால் அது எதனால் வந்தது என்பது மருத்துவர்க்கே விளங்கியிராது. உடலில் புதிய குறிகள் தோன்றும். அவை நோய் போவதன் அடையாளமா, திரும்ப வருவதன் அடையாளமா என்று எவராலும் சொல்ல இயலாது. உறவினர் மகிழத் தொடங்கியிருப்பர். நோயாளி மட்டும் மகிழ அஞ்சுவார். இலக்கியம் பெரும்பாலும் இக்காலத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. கதைகளில் நோயாளி இறப்பார், அல்லது பிழைத்தெழுவார். இரண்டிற்கும் நடுவே படுக்கை விளிம்பில் அமர்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பவரைப் பற்றி எழுதியவர் சிலரே. 1926-இல் வர்ஜீனியா உல்ஃப், நோயுற்றிருத்தல் குறித்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், காதலுக்கும் போருக்கும் கிடைத்த இடம் நோய்க்கு இலக்கியத்தில் கிடைக்கவில்லை என்றும், அதனைச் சொல்ல மொழியே வறுமையுற்றிருக்கிறது என்றும் குறைப்பட்டார். அக்குறையைப் பெருமளவு தீர்க்கும் ஒரு நூல் ஆங்கிலத்தில் அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியிருந்தது. கவிஞர் ஜான் டன் 1624-இல் வெளியிட்ட நோய்ப்படுக்கைத் தியானங்கள் அந்நூல்.

டன் 1572-இல் இலண்டனில் பிறந்தவர். இளமையில் கூர்மையான காதல் கவிதைகள் எழுதிப் பெயர் பெற்றவர். அவை அச்சேறியது அவர் மறைந்தபின் 1633-இல்தான். அதுவரை நண்பர்களிடையே கையெழுத்துப் படிகளாகவே உலவின. 1601-இல் ஆன் மோர் என்னும் பெண்ணை மறைவில் மணந்துகொண்டமையால் பணியை இழந்து சிறிது காலம் சிறையிலும் இருந்தார். 1615-இல் சமயகுருவானார். 1617-இல், பன்னிரண்டாம் மகப்பேற்றினை அடுத்து மனைவி இறந்தார். 1621-இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குருவாக அமர்ந்தார். நோய் அவரைத் தாக்கியபொழுது அவர்க்கு வயது 51; நகரின் மிகச் சிறந்த சொற்பொழிவாளர் என்னும் புகழும் சேர்ந்திருந்தது.

1623 நவம்பர் இறுதியில், எவ்வித முன்னறிவிப்பும் இன்றி, கடுங்காய்ச்சல் அவரை வீழ்த்தியது. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அவர் மகள் கான்ஸ்டன்சுக்கும் புகழ்பெற்ற நாடக நடிகர் எட்வர்டு ஆலனுக்கும் திருமணம் நடந்தது. ஒரே குடும்பத்தில், ஒரே வாரங்களில், மணவோசையும் மரண அச்சமும் அடுத்தடுத்து நின்றன. புத்தாண்டு பிறந்து சில நாள்களில், 1624 சனவரி 9-இல், இலண்டன் பதிப்பாளர் பதிவேட்டில் அந்நூல் பதிவாகியது. நோயின் தொடக்கத்திற்கும் நூலின் பதிவிற்கும் இடையே ஆறு அல்லது ஏழு வாரங்களே கழிந்திருந்தன. எனவே, இது நோயெல்லாம் தீர்ந்து, ஆண்டுகள் பல கடந்தபின் அமைதியாக நினைவுகூர்ந்து எழுதியது அன்று; உடல் தேறிக்கொண்டிருக்கும் பொழுதே எழுதப்பட்டது.

அந்நாள்களில் அவர் நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடல் இதனை உறுதி செய்கிறது. படுக்கையை விட்டெழுந்தாலும் படுக்கையின் அருகை விட்டு அகலவில்லை என்று அதில் தெரிவித்து, விடுதலை பெற்ற பின்னும் சிறைவாயிலில் அமர்ந்திருக்கும் கைதியோடு தம்மை ஒப்பிடுகிறார். அக்காலச் சிறைகளில் விடுதலையானவரும் சிறைக்கட்டணம் செலுத்தியாக வேண்டும். அதற்காக வாயிலில் இரந்து நிற்போர் உண்டு. சிறையை உள்ளிருந்து அறிந்தவர் டன். தேறிவரும் நோயாளியின் நிலைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. கதவு திறந்துவிட்டது; ஆயினும் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு என்பது இன்னும் தெரியவில்லை.

நூலின் கட்டமைப்பு கவிஞர்கள் கருதத்தக்கது. மொத்தம் இருபத்து மூன்று பகுதிகள். நோயின் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியும் மூன்று கூறுகளை உடையது: முதலில் மனித நிலை பற்றிய சிந்தனை, அடுத்து இறைவனோடு வாதாடல், இறுதியில் வேண்டுதல். தலைப்புகள் இலத்தீனில் அமைந்துள்ளன. அவற்றை வரிசையாகப் படித்தால் அவையே ஒரு செய்யுளாகத் தொடர்கின்றன. மருத்துவமனைக் குறிப்பேட்டில் இருக்கவேண்டிய செய்திகளைச் செய்யுளின் அடிகளாக அடுக்கியிருக்கிறார். முதற்குறி தோன்றல், புலன்கள் தளர்தல், படுக்கையில் விழுதல், மருத்துவரை அழைத்தல், மருத்துவர் வருதல் என அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. எங்கும் நோய்க்குப் பெயர் இல்லை. பெயர் தெரியாத நோயை ஒருவர் எப்படி எழுதுவது? நிகழ்ந்த வரிசையில் எழுதுவதே அவர் கண்ட வழி.

ஆறாம் பகுதியின் பொருள் ஒரே வினையில் அடங்குகிறது: மருத்துவர் அஞ்சுகிறார். மருத்துவர் நோயைக் கவனிப்பதுபோல நோயாளி மருத்துவரைக் கவனிக்கிறார். அவர் முகத்தில் மறைக்க முயலும் அச்சத்தைக் கண்டுகொள்கிறார். மறைக்க முயல்வதனாலேயே அது பெரிதாகத் தெரிகிறது. மருத்துவமனையில் காரணம் புலப்படாமல் கிடந்த எவரும் இதனை அறிவர். கட்டிலின் கால்மாட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் மருத்துவர்களின் முகங்களை நோயாளி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். அவர்க்குக் கிடைக்கும் அறிக்கை அது ஒன்றே.

அடுத்து வருவன குழப்பத்தின் படிநிலைகள். ஏழாம் பகுதியில் மருத்துவர் துணைக்கு வேறு மருத்துவர்களை நாடுகிறார். எட்டாம் பகுதியில் அரசர் முதலாம் ஜேம்ஸ் தம் சொந்த மருத்துவரை அனுப்புகிறார். கூடிப் பேசி மருந்து எழுதுகின்றனர். நோய் ஓசையின்றி ஊர்ந்து வருவதைக் காண்கின்றனர். இதயத்தை நஞ்சு எட்டாதிருக்க ஊக்கமருந்து தருகின்றனர். பன்னிரண்டாம் பகுதியில், தலைக்கு ஏறிய ஆவியைக் கீழிறக்கப் புறாக்களைப் பாதங்களில் வைக்கின்றனர். பதின்மூன்றாம் பகுதியில் உடலெங்கும் புள்ளிகள் தோன்றுகின்றன. இவற்றைப் படித்து நகைத்தல் எளிது. ஆயினும் அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். குருதி உடலைச் சுற்றிவருவதை வில்லியம் ஹார்வி நூலாக வெளியிட்டது 1628-இல். அதாவது இந்நோய்க்கு ஐந்தாண்டு பின்னர். காய்ச்சலை வெப்பமானியால் அளக்கும் வழக்கம் மருத்துவமனைகளில் பரவியது 19-ஆம் நூற்றாண்டில். டன்னின் மருத்துவர்களுக்குக் கையும் கண்ணும் நாளெண்ணிக்கையுமே கருவிகள். பதினான்காம் பகுதியில், நோய் திரும்பும் நாள்கள் எவை என்று பழைய கிரேக்க மரபின்படி அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

இத்தனை மருத்துவர் சூழ்ந்திருந்த நிலையிலும் ஏழாம் பகுதியில் டன்னின் எண்ணம் வேறிடம் செல்கிறது. தம்மினும் கொடிய நோயுற்று, குடிசையில் வைக்கோலின்மேல் கிடப்போரையும், மருத்துவமனையில் கிடந்து மருத்துவர் வரும் வேளைக்காகக் காத்திருப்போரையும் நினைக்கிறார். நீர் வடிந்த மணலில் சிக்கி, அலை திரும்பும் வரை காத்திருக்கும் மீனை அவர்க்கு உவமையாக்குகிறார். அரசமருத்துவர் தேடிவந்து பார்க்கும் நோயாளி ஒருவர், பொதுமருத்துவமனைக் கட்டிலை மறவாமல் எழுதியது இந்நூலின் உயர்ந்த இடங்களில் ஒன்று. மருத்துவர் சுற்றிவரும் வேளைக்காகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கிடந்தவர்க்கு அந்த மீன் புதியதாகத் தோன்றாது.

மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்காகத் திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பகுத்துக் காட்டினார். டன்னின் நூலை இந்நான்கைக் கொண்டு அளந்தால் ஒரு வெற்றிடம் தெரியும். நோயாளி இருக்கிறார்; மருத்துவர் பலர் இருக்கின்றனர்; மருந்துகள் குவிகின்றன. உடனிருப்பவரின் முகம் மட்டும் காணோம். மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொற்றுக்கு அஞ்சிப் பிறர் விலகி நிற்கின்றனர். நோயின் பெருந்துன்பம் தனிமை என்று ஐந்தாம் பகுதியில் அவர் வருந்துவது இதனால்தான்.

அத்தனிமையில்தான் மணியோசை வருகிறது. பதினைந்தாம் பகுதியில் அவர்க்கு இரவும் பகலும் உறக்கமில்லை. பதினாறு, பதினேழு, பதினெட்டு ஆகிய மூன்று பகுதிகளிலும் அண்டைக் கோயிலின் சாவுமணி ஒலிக்கிறது. எவரோ ஒருவர்க்கு அடிக்கும் மணி கேட்பவர்க்கும் உரியது என்னும் கருத்தும், மனிதகுலத்தை ஒரே நூலாகவும் சாவை மொழிபெயர்ப்பாகவும் காணும் உருவகமும் பதினேழாம் பகுதியில் உள்ளன. ஏர்னஸ்ட் ஹெமிங்வே 1940-இல் வெளியிட்ட நாவலின் பெயர் அங்கிருந்து எடுக்கப்பட்டதே. பின்னர் அது மேடைகளிலும் பாடநூல்களிலும் உலகப் பொதுமைக்கு மேற்கோளாகிவிட்டது. மணி நினைவில் நின்றது. அதனைக் கேட்ட கட்டில் மறக்கப்பட்டது. அது மாளிகையில் ஓய்வாக அமர்ந்து கண்ட தத்துவம் அன்று. உடல் முழுதும் புள்ளிகளோடு, உறக்கம் இன்றி, அடுத்த மணி தமக்கோ என்று எண்ணிக் கிடந்தவர் கேட்ட ஓசை அது. அந்த உடலை நீக்கிவிட்டு அவ்வரியை மட்டும் எடுத்துச் செல்பவர் பாதியையே எடுத்துச் செல்கிறார்.

பத்தொன்பதாம் பகுதியில் கடற்பயணம் முடிந்து கரை தெரிகிறது. நோய் கனிந்து தணிவதற்கான குறிகளை மருத்துவர் காண்கின்றனர். பேதி மருந்து தருகின்றனர். இருபத்தோராம் பகுதியில் டன் எழுந்து நிற்கிறார். நின்றதும் தலை சுழல்கிறது. பூமி சுழல்கிறது என்னும் புதிய வானியலுக்குத் தம் உடலே சான்றாகிவிட்டதோ என்று கருதும் அளவிற்கு அவர்க்கு அந்நிலையிலும் நகை பிறக்கிறது. கோப்பர்னிக்கஸ் நூல் வெளிவந்து எண்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தேறும் நாள்களின் தள்ளாட்டத்தை இவ்வளவு துல்லியமாகவும் தன்னிரக்கம் இல்லாமலும் எழுதியவர் அரியர்.

இத்துடன் நூல் முடிந்திருக்கலாம். மரபு அதனையே எதிர்பார்க்கும்: நோய், துன்பம், வேண்டுதல், குணம், நன்றி. டன் அவ்வாறு முடிக்கவில்லை. இருபத்திரண்டாம் பகுதியில் மருத்துவர்கள் நோயின் வேரை, சாம்பலுக்குள் கிடக்கும் கனலைத் தேடுகின்றனர். இருபத்து மூன்றாம் பகுதியில், அதாவது இறுதிப் பகுதியில், நோய் மீண்டும் வரக்கூடும் என்று எச்சரிக்கின்றனர். அந்த அச்சத்திலேயே நூல் நின்றுவிடுகிறது. குணமடைந்தவர் எழுதிய நூல், குணமடைந்தேன் என்று அறிவிக்காமல் முடிகிறது.

இம்முடிவைச் சமயப்பணிவு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. பிற்கால மருத்துவம் அதற்கு வேறொரு பொருளும் தந்துள்ளது. அவர் குறித்துவைத்த குறிகளைக் கொண்டு ஆய்ந்தவர்கள் இரு நோய்களைச் சுட்டுவர். ஒன்று டைஃபஸ், மற்றொன்று மீள்காய்ச்சல். பின்னதன் கிருமியை, சுருள்வடிவ நுண்ணுயிரை, பெர்லின் மருத்துவர் ஓட்டோ ஓபர்மையர் 1868-இல் நோயாளியின் குருதியில் கண்டு 1873-இல் வெளியிட்டார். அது பேன்வழிப் பரவுவதை 1907-இல் இந்தியாவில், நாசிக்கில் ஏற்பட்ட கொள்ளைநோயின்பொழுது மக்கி என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவதும் அதே உடற்பேனே. ஆகவே இவ்விரண்டில் எது என்று துணிந்தாலும், குற்றவாளி ஆடைமடிப்பில் ஒளிந்திருந்த ஒரு சிற்றுயிர்தான். இளமையில் தெள்ளுப்பூச்சியை வைத்துக் காதல் கவிதை புனைந்து விளையாடியவரை, முதுமை தொடங்கும் வயதில் அதனையொத்த மற்றோர் உயிர் வீழ்த்தியிருக்கிறது.

மீள்காய்ச்சலின் இயல்பு வியப்பானது. காய்ச்சல் திடீரென ஏறும். சில நாள்கள் எரித்தபின் திடீரென இறங்கும். இறங்கும் அவ்வேளையே உயிர்க்கு இடரான வேளையும் ஆகும். பின்னர் ஏறத்தாழ ஒரு வாரம் உடல் தெளிந்திருக்கும். நோய் போயிற்று என்று எல்லோரும் நம்பும் நேரத்தில் மீண்டும் ஏறும். காரணம் இதுதான். உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியின் மேற்புறப் புரதங்களை அடையாளம் கண்டு அதனை அழிக்கிறது. எஞ்சிய சில கிருமிகள் அப்புரதங்களை மாற்றிக்கொண்டு, அயலார்போல வேற்றுருவில் மீண்டும் பெருகுகின்றன. சாம்பலுக்குள் கனல் என்று டன்னின் மருத்துவர்கள் எண்ணியது வெறும் கற்பனையாக முடியவில்லை. அவர்களுக்குப் பெயரும் காரணமும் தெரியவில்லை. நோயின் நடை தெரிந்திருந்தது.

இன்று இந்நோய்க்கு ஒரே வேளை எதிருயிரி மருந்தே பெரும்பாலும் போதும். எத்தியோப்பியாவிலும் அதன் அண்டை நாடுகளிலும் அது இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் நோயாளிக்குக் கடுங்குளிரும் உயர்காய்ச்சலும் கண்டு நிலை மோசமாவதும் உண்டு. கிருமிகள் ஒருசேர அழிவதால் உடல் கொந்தளிக்கிறது. யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று அதற்குப் பெயர். குணமாகும் செயலே கொல்லும் செயல்போலத் தோன்றும் இவ்வேளையை அறியாத உறவினர், மருத்துவரைச் சினந்து நோக்குவதும் இயல்பே.

அறிவியல் இவ்வளவு வளர்ந்தபின் காரணம் அறியாக் காய்ச்சல் இல்லாமற் போய்விட்டதா? இல்லை. 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் அதற்கோர் இலக்கணமே வகுத்தனர்: 38.3 பாகை செல்சியசுக்கு மேல் பலமுறை ஏறி, மூன்று வாரத்திற்கு மேல் நீடித்து, மருத்துவமனையில் ஒரு வாரம் ஆராய்ந்தும் காரணம் புலப்படாத காய்ச்சல். அறியாமைக்கு எல்லை வரைந்து பெயரிட்ட இச்செயல் மருத்துவத்தின் நேர்மை. அப்பெயர் எழுதிய அட்டையின்கீழ் படுத்திருப்பவரின் இரவு எப்படிக் கழிகிறது என்பதை எழுதுவது இலக்கியத்தின் கடமை.

டன்னிடம் உடன்பட இயலாத ஒன்றும் உண்டு. அதனையும் கூறாவிடில் இவ்வுரை நிறைவுறாது. காரணம் தெரியாத இடத்தில் அவர் தம் பாவத்தை வைத்தார். நோயைத் தண்டனையாகவும், நோய் மீள்வதைப் பாவம் மீள்வதாகவும் கண்டார். அவர் காலத்திற்கும் பணிக்கும் அது இயல்பு. ஆயினும் ஆடையில் ஊர்ந்த பேனுக்காக ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் குற்றக்கூண்டில் ஏற்றியதை இன்று படிக்கையில் நெஞ்சு வருந்தும். காரணம் தெரியாதபொழுது நோயாளியே காரணமாக்கப்படும் வழக்கம் இன்றும் மறையவில்லை. 'மனம்தான் காரணம்', 'சொன்னபடி கேட்டிருந்தால் வந்திருக்காது', 'எல்லாம் செய்த வினை' என்னும் சொற்கள் மருத்துவமனைக் கூடங்களில் இன்றும் கேட்கின்றன. கிருமியைக் கண்ட அறிவியல் உடலைக் காத்ததோடு, நோயாளியின் மேல் சுமத்தப்பட்ட பழியையும் துடைத்தது. 1868-ஐயும் 1907-ஐயும் கவிஞர்களும் நன்றியோடு நினைப்பதற்கு இதுவே காரணம்.

இருப்பினும், விளக்கம் பொய்த்தபின்னும் டன்னின் பதிவு பொய்க்கவில்லை. பாவம் என்று அவர் சொன்ன காரணத்தை விட்டுவிடலாம். மருத்துவரின் முகம், உறக்கமற்ற இரவு, மணலில் கிடக்கும் மீன், சுழலும் அறை, மீண்டும் வருமோ என்னும் அச்சம் ஆகிய இவற்றில் எதனையும் விட்டுவிட இயலாது. எதற்கு விடை தெரியவில்லையோ அதனை விடை தெரிந்ததுபோல் அவர் எழுதவில்லை. மீண்டும் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. அவர் அஞ்சிய அந்நோய் அவரைக் கொல்லவில்லை. மேலும் ஏழாண்டுகள் வாழ்ந்து 1631 மார்ச் 31-ஆம் நாள் மறைந்தார். 1624-இல் எழுதும்பொழுது அது அவர்க்குத் தெரியாது. தெரியாத நிலையிலேயே எழுதி, தெரியாத நிலையிலேயே நூலை மூடினார்.

கவிஞர் பெருமக்களே! தேறிவரும் ஒருவரைக் காணச் செல்வோர் பழங்களோடு ஒரு வாக்கியத்தையும் கையோடு கொண்டு செல்வது வழக்கம்: 'இனி ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாகிவிடும்.' அன்பினால் சொல்வதுதான். ஆனால் அச்சொல் கேட்டதும் நோயாளி தம் அச்சத்தை விழுங்கிவிட்டுச் சிரிக்க வேண்டியவராகிறார், முன்னிலும் தனியராகிறார். அதனைவிட, 'இன்றிரவு எப்படி இருந்தது?' என்று கேட்டுவிட்டு, விடை முடியும் வரை அமர்ந்திருத்தல் நலம். வள்ளுவர் வகுத்த நான்கனுள் டன்னின் படுக்கையருகே காணப்படாத அந்த நான்காமவர்க்கு உரிய பணி இது. நோய்பற்றிப் பாடும் கவிதையும் அவ்விடத்தில் அமரக் கற்க வேண்டும்.

'மீள்' என்னும் சொல் இரு திசையிலும் செல்லும். எத்திசையில் செல்லும் என்று தெரியாத நாள்களில் நோயாளியோடு காத்திருப்பதே அச்சொல்லை முழுமையாக அறிவதாகும்.